சவுக்கைப் பிடித்த கை

பொதுக்கூட்டம் முடிந்துவிட்டது. பந்தலில் விளக்குகளை இறக்கிக் கொண்டிருந்தார்கள். தேநீர்க் கடைப் பெஞ்சில் நாம் உட்கார்ந்திருந்தோம். ஆலைத் தொழிலாளத் தோழர் ஒருவர் அருகே வந்து உட்கார்ந்தார். பேச்சை முழுதும் கேட்டவர். முகத்திலே மகிழ்ச்சியில்லை, கேள்வியிருந்தது. அறவழி, அறவழி என்று மேடைதோறும் முழங்குகிறீர்களே, அடிக்க வருகிறவன் எதிரே கைகட்டி நிற்பதற்குப் பெயர் அறமா, அச்சமா என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. உழைத்துக் காய்த்துப் போன கையை உடையவர் கேட்ட கேள்வி. புத்தகம் படித்துப் பொழுது போக்குகிறவன் கேட்டிருந்தால் சிரித்துச் சமாளித்திருப்போம். இவரிடம் அது கூடாது. எனவே, அன்றிரவு அவரிடம் சொல்லத் தொடங்கிய கதையை இங்கே முழுவதுமாகச் சொல்லுகிறோம். அது ஒரு சீமானின் கதை. சவுக்கைப் பிடிக்கப் பிறந்த கை, அந்தச் சவுக்கைக் கீழே போட எத்தனை ஆண்டுகள் பாடுபட்டது என்ற கதை. லியோ டால்ஸ்டாயின் கதை!

1828-ஆம் ஆண்டு, ருஷ்ய நாட்டில், மாஸ்கோவுக்குத் தெற்கே யாஸ்னயா பொல்யானா என்னும் பண்ணையில் பிறந்தார். பிரபுக்கள் குடும்பம். இரண்டு வயது நிறையுமுன்பே தாயை இழந்தார். ஒன்பது வயது நிறையுமுன்பே தந்தையை. கசான் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெறாமலே 1847-ல் வெளியேறினார். அந்த ஆண்டே பாகப்பிரிவினை நடந்து பண்ணை அவருக்கு வந்தது. வயது இருபது கூட ஆகவில்லை. நிலத்தோடு சேர்த்து, 300-க்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளும் வந்தனர்!

ருஷ்யச் சீமான்களின் கணக்கிலே பண்ணையடிமைகளை ஆன்மாக்கள் என்று எழுதுவது வழக்கம். இத்தனை ஏக்கர், இத்தனை குதிரை, இத்தனை ஆன்மா! விற்கலாம், வாங்கலாம், அடகு வைக்கலாம், அடிக்கலாம். ஆன்மாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் மடாலயங்கள் நிறைந்த நாட்டிலேதான் இந்தக் கணக்கு எழுதப்பட்டது.

இளமைக்காலத்தில் அவர் நல்லவராக இருந்தார் என்று நாம் சொல்லப் போவதில்லை. சூதாடினார், குடித்தார், கடன்பட்டார். தாம் பிறந்த பெரிய மாளிகையை 1854-ல் விற்றார். அந்தப் பணமும் சூதாட்டத்தில் கரைந்தது. இவைகளைப் பிறர் தோண்டி எடுத்துச் சொல்லவில்லை. அவரே பின்னர் தம் எழுத்தில் ஒப்புக்கொண்டார். தன் அழுக்கைத் தானே காட்டுகிறவனிடம் நமக்கு ஒரு மதிப்பு உண்டு.

காகசஸ் மலைப்பகுதிக்குச் சென்று படையில் சேர்ந்தார். கிரிமியப் போர் மூண்டது. 1855-ல் செவாஸ்டபோல் கோட்டையிலே, ஆபத்து மிகுந்த நான்காவது கொத்தளத்தில் பீரங்கிப் படை அதிகாரியாக நின்றார். குண்டுமாரி! கை போனவர்கள், கால் போனவர்கள், மயக்க மருந்துக்காகக் காத்துக் கிடந்தவர்கள், எல்லோரையும் கண்டார். கண்டதை எழுதினார். போர் என்றால் கொடியும் கொம்பும் குதிரையும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, போர் என்றால் இரத்தமும் சீழும் வாந்தியும் என்று எடுத்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு கூட ஆகவில்லை. எழுத்தாளர் என்ற புகழ் பிறந்தது.

1857-ல் பாரிஸ் சென்றார். ஒரு காலைப் பொழுதில், கில்லட்டின் என்னும் வெட்டு எந்திரத்தில் ஒரு மனிதன் தலை துண்டாவதைப் பார்த்தார். போர்க்களத்தில் ஆயிரம் சாவு கண்டவரை இந்த ஒரு சாவு உலுக்கிவிட்டது. ஏன்? போர்க்களத்திலே வெறி இருக்கிறது, புகை இருக்கிறது. இங்கேயோ எல்லாம் அமைதியாக, சட்டப்படி, குறித்த மணிக்கு, குறித்த கூலிக்கு நடந்தது. கொல்லுகிறவனுக்குக் கோபம் கூட இல்லை! அன்று மனத்தில் விழுந்த முள் கடைசிவரை எடுபடவில்லை.

ஊர் திரும்பினார். 1859-ல் தம் பண்ணையிலே உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். பிரம்பு இல்லாத பள்ளி! அடியாத மாடு படியாது என்ற எண்ணம் உலகெங்கும் ஆட்சி செய்த காலத்தில், அடிக்காமலே படிக்க வைக்க முடியும் என்று செய்து காட்டினார். 1861-ல் இரண்டாம் அலெக்சாந்தர் ஜார் பண்ணையடிமை முறையை ஒழித்துச் சட்டம் செய்தார். நிலம் பற்றிய வழக்குகளைத் தீர்க்கும் நடுவராக டால்ஸ்டாய் அமர்ந்தார். உழவன் பக்கம் நியாயம் இருந்தால் உழவனுக்கே தீர்ப்பளித்தார். சீமான்கள் சீறினர். எங்கள் இனத்திலே பிறந்து எங்களையே காட்டிக் கொடுக்கிறானே என்று மனுமேல் மனு போட்டனர். அடுத்த ஆண்டு அவர் வெளியூர் சென்றிருந்த நேரத்தில், போலீசு படை வீட்டுக்குள் புகுந்து அறை அறையாகச் சோதனை போட்டது.

1866-ல் நடந்ததைக் கேளுங்கள். அவருடைய பண்ணைக்கு அருகே ஒரு படைப்பிரிவு முகாமிட்டிருந்தது. அதிலே ஷபூனின் என்று ஓர் எழுத்தன். மேலதிகாரி ஓயாமல் நச்சரித்தான். ஷபூனின் பொறுக்கமாட்டாமல் அவனை அறைந்துவிட்டான். இராணுவ நீதிமன்றம்! மரண தண்டனைக்குரிய குற்றம்! டால்ஸ்டாய் தாமே சென்று அவனுக்காக வாதாடினார். தோற்றார். ஜாரிடம் கருணை கேட்டு மனுச் செய்தார். மனுவில் படைப்பிரிவின் பெயர் குறிப்பிடப்படவில்லை என்று அரசாங்கத்திலிருந்து பதில் வந்தது! ஒரு உயிர் ஊசலாடுகிறது, அவர்களுக்கு விலாசம் போதவில்லை. ஷபூனினைச் சுட்டுக் கொன்றார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த வாதத்தை நினைத்து டால்ஸ்டாய் வெட்கப்பட்டார். தோற்றதற்காக அல்ல. குற்றவாளிக்கு மனத்தெளிவு குறைவு, இந்தப் பிரிவின்படி தண்டனையைக் குறைக்கலாம் என்று வக்கீல் பேச்சுப் பேசினாரே, அதற்காக. ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கொல்ல உரிமை ஏது என்று கேட்க வேண்டிய இடத்தில், சட்டப் பிரிவைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று வருந்தினார்.

பின்னர் வந்தது பெரும் புகழ். போரும் அமைதியும் 1869-ல் முடிந்தது. அன்னா கரீனினா தொடர்ந்து வந்தது. ஐரோப்பா முழுதும் பெயர். செல்வம், மனைவி, மக்கள், உடல் நலம், எதற்கும் குறைவில்லை. ஆனால், ஐம்பதை எட்டும் வயதில் அவரைத் துக்கம் பிடித்தது. எதற்காக வாழ்கிறோம் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. தற்கொலை எண்ணம் தலைதூக்க, வீட்டிலிருந்த கயிற்றைத் தம் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஏட்டறிஞர்களிடம் விடை தேடினார், மதகுருமார்களிடம் தேடினார். கடைசியில் உழைத்துச் சாப்பிடும் உழவனிடத்திலும், ஏசுநாதரின் மலைப்பிரசங்கத்திலும் கண்டார். தீமையைத் தீமையால் எதிர்க்காதே என்னும் போதனையை மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்டுத் திங்கட்கிழமை மறந்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார், பிடித்த பிடியை விடவில்லை.

சோதனை உடனே வந்தது. 1881 மார்ச்சில் புரட்சிக்காரர் வீசிய குண்டுக்கு இரண்டாம் அலெக்சாந்தர் பலியானார். மகன் மூன்றாம் அலெக்சாந்தர் அரியணை ஏறினார். தந்தையைக் கொன்றவர்களை மன்னித்துவிடுங்கள் என்று புதிய ஜாருக்குக் கடிதம் எழுதினார் டால்ஸ்டாய்! அதைச் சேர்ப்பிக்கும்படி, திருச்சபை மன்றத்தின் தலைமை அதிகாரியாக இருந்த பொபெதொனோஸ்ட்செவிடம் அனுப்பினார். ஏசுவின் பெயரால் சம்பளம் வாங்கிய அந்த அதிகாரி, ஏசுவின் போதனையைச் சொன்ன கடிதத்தைத் தொட மறுத்துவிட்டார். ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் ஒருவர் பெண்.

அடுத்த ஆண்டு மாஸ்கோவில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. டால்ஸ்டாய் கணக்கெடுப்பவராகத் தாமே முன்வந்தார். ஏழ்மை மிகுந்த பகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பசியும் குளிரும் நோயும் ஒரே பாயில் படுத்திருக்கக் கண்டார். தர்மம் செய்யலாம் என்று பணத்தோடு போனவர், வெட்கத்தோடு திரும்பினார். நாம் கொடுக்கும் காசு யாருடைய காசு, இவர்களிடமிருந்து எடுத்ததில் ஒரு துளியைத்தானே இவர்களுக்குக் கொடுக்கிறோம் என்ற எண்ணம் அவரைக் குடைந்தது. அதன் பிறகு ஏர் பிடித்தார், விறகு பிளந்தார், செருப்புத் தைக்கக் கற்றார். சீமான்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்!

1891-ல் பஞ்சம்! கிராமம் கிராமமாக மக்கள் பட்டினி. டால்ஸ்டாய் தம் பெண்மக்களுடன் ரியாசான் பகுதிக்குச் சென்று கஞ்சித் தொட்டிகள் திறந்தார். அவருடைய மனைவி சோபியா ஏட்டிலே வேண்டுகோள் எழுத, நாடெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட கஞ்சித் தொட்டிகளில் 10,000-க்கும் மேற்பட்டோர் நாள்தோறும் உண்டனர்.

அந்தப் பஞ்ச வேலைக்காகவே 1892 செப்டம்பரில் இரயிலில் போய்க்கொண்டிருந்தார். வழியிலே ஒரு நிலையத்தில் இன்னொரு வண்டி நின்றது. அதில் சிப்பாய்கள். துப்பாக்கி இருந்தது, தோட்டா இருந்தது, கட்டுக் கட்டாகப் பிரம்பும் இருந்தது! எங்கே போகிறார்கள்? ஒரு பணக்கார நிலச்சுவான்தாருக்கும் பட்டினி கிடக்கும் உழவர்களுக்கும் ஒரு சிறு காட்டைப் பற்றித் தகராறு. உழவர்களை அடித்து வழிக்குக் கொண்டுவரப் போகிறார்கள்.

டால்ஸ்டாய் அந்த இளைஞர்களைப் பார்த்தார். கொடியவர்களா? இல்லை. வெள்ளரிக்காய்ப் பிஞ்சு போன்ற பையன்கள். தின்கிறார்கள், சிரிக்கிறார்கள், விளையாடுகிறார்கள். அத்தனை பேரும் உழவன் வீட்டுப் பிள்ளைகள்! இவர்களுடைய தகப்பன்மாரும் இதே போன்ற காட்டுக்காக, இதே போன்ற சீமானிடம், இதே போன்று அடிபட்டவர்கள்தாம். நாளை இவர்கள் பிரம்பை ஓங்கும்போது கீழே கிடப்பவன் முகம், தன் சொந்தத் தகப்பன் முகம்போலத்தான் இருக்கும்!

தோழரே, இங்கேதான் நிற்க வேண்டும். இதுதான் டால்ஸ்டாய் கண்ட உண்மை. காட்டுக்கு ஆசைப்பட்ட சீமான் அந்த வண்டியில் இல்லை. உத்தரவிட்ட அமைச்சன் இல்லை. ஜார் இல்லை. ஜாருக்கு இரண்டே கைகள். அந்த இரண்டு கைகளால் ஒரு கிராமத்தைக் கூட அடக்க முடியாது. அடக்குவதற்கு ஆயிரம் கைகள் வேண்டும். அந்த ஆயிரம் கைகளும் அடக்கப்படுகிறவன் வீட்டிலிருந்தே எடுக்கப்படுகின்றன. சவுக்கு சீமானுடையது, சவுக்கைப் பிடித்த கை உழவனுடையது! அந்தக் கை விலகிக்கொண்டால்? சவுக்கு, வெறும் தோல்வார்.

இதைத்தான், ஆண்டவன் ஆட்சி உனக்குள்ளே இருக்கிறது என்ற பொருள்படும் பெயருடைய நூலில் விரித்து எழுதினார். ருஷ்யாவில் அச்சிட விடவில்லை. 1894-ல் ஜெர்மனியில் அச்சாயிற்று. ருஷ்யாவுக்குள்ளே கைப்பிரதியாக, தட்டச்சுப் பிரதியாக, கைமாறிக் கைமாறிப் பரவிற்று.

ஏட்டோடு நின்றுவிட்டதா? இல்லை. காகசஸ் பகுதியிலே துகொபார் என்னும் உழவர் கூட்டம் ஒன்று இருந்தது. கொல்லுதல் பாவம் என்பது அவர்களுடைய பழைய கொள்கை. படையிலே சேர்க்கப்பட்ட அவர்கள் வீட்டு இளைஞர்கள், 1895-ல் ஆயுதத்தை ஏந்த மறுத்தனர். அதே ஆண்டு கோடையில், ஊர் மக்கள் தங்களிடமிருந்த துப்பாக்கி, வாள் எல்லாவற்றையும் குவித்துத் தீயிட்டனர். கொசாக்குக் குதிரைப்படை பாய்ந்தது. கிழவர்களையும் பெண்களையும் சவுக்கால் விளாசினர். திருப்பி ஒரு கல் விழவில்லை. பணிந்து ஒருவரும் ஆயுதத்தைத் தொடவும் இல்லை. 4,000-க்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டு விரட்டி, ஒரு குடும்பம் இங்கே, ஒரு குடும்பம் அங்கே என்று சிதறடித்தார்கள். பலர் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள்.

டால்ஸ்டாய் உலகத்திற்கு முறையிட்டார். 1881-க்குப் பின் எழுதியவற்றுக்குப் பணம் வாங்குவதில்லை என்று 1891-லேயே அறிவித்திருந்தவர், இந்த மக்களுக்கு மட்டும் விலக்களித்து, புத்துயிர்ப்பு என்ற நாவலை 1899-ல் முடித்து அதன் வருவாயைக் கப்பல் கட்டணத்துக்குக் கொடுத்தார். சுமார் 7,500 பேர் கனடாவுக்குக் குடியேறினர். ஒரு கப்பலில் துணைக்குச் சென்றவர் அவருடைய மூத்த மகன் செர்கே.

இனி, ஆலைத் தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். அடிபடுகிறவனைப் பார்த்துப் பொறுத்துக்கொள் என்பது அறமா? அந்தப் பேச்சை உலகத்திலே அதிகமாகப் பேசியவர்கள் யார்? மிராசுதாரர்கள், மடாதிபதிகள், அவர்களுடைய கணக்குப்பிள்ளைகள்! அவர்களுக்கு அது வசதியான உபதேசம். டால்ஸ்டாய் பேசியது வேறு. அவர் அடிபடுகிறவனிடம் பேசுவதற்கு முன்னால், அடிக்கிறவனிடம் பேசினார். கையைக் கட்டிக்கொள் என்று சொல்லவில்லை, கையை எடுத்துக்கொள் என்றார். அக்கிரமத்துக்கு வரி கொடுக்காதே, அக்கிரமத்தின் சிப்பாயாக நிற்காதே, அக்கிரமத்தின் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமராதே, அதற்காக வரும் துன்பத்தை வாங்கிக்கொள் என்றார். கோழைக்கு இது முடியுமா? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொசாக்கின் சவுக்குக்கு எதிரே நின்ற துகொபார்ப் பெண் கோழையா?

ஆனால், அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் நாம் தலையாட்டத் தேவையில்லை. 1908-ல் லெனின் அவரைப்பற்றி எழுதியபோது, கொடுமையின் முகமூடியைக் கிழித்த எழுத்தாளர் என்று போற்றினார். எதிர்க்காமை என்னும் உபதேசத்தையோ, அது மக்களின் புரட்சிக்கு ஊறு செய்தது என்று கடிந்தார். அந்தக் கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. அரசாங்கம், சட்டம், எல்லாமே தீமை என்று டால்ஸ்டாய் தள்ளினார். நல்ல சட்டம் ஒன்று ஆலையில் எட்டுமணி நேர வேலையைக் கொண்டுவரும், குழந்தைகளை எந்திரத்தினின்று மீட்கும் என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. நாம் எண்ண வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைத் தொண்டர்கள் கவனிக்க வேண்டும். டால்ஸ்டாயை ஜார் அரசாங்கம் சிறையில் அடைத்ததா? இல்லை! உலகப் புகழ் அவருக்குக் கவசம். 1901-ல் திருச்சபை அவரை விலக்கி அறிக்கை விட்டது. அறிக்கை வெளியான நாளிலே மாஸ்கோ வீதியில் அவரைக் கண்ட மக்கள் சூழ்ந்துகொண்டு வாழ்த்தொலி எழுப்பினர்! அரசாங்கம் பார்த்தது. மரத்தை வெட்டினால் ஊர் கேட்கும், கிளையை ஒடித்தால்? துகொபார்களுக்காகக் குரல் கொடுத்த நண்பர் செர்ட்கோவ், 1897-ல் நாடு கடத்தப்பட்டார். பிர்யுகோவ் வெளியூருக்குத் துரத்தப்பட்டார். நோவ்கரோத் நகரத்துப் பூட்டுத் தொழிலாளி மொலொச்னிகோவ், டால்ஸ்டாயின் நூல்களை வைத்திருந்த குற்றத்துக்காக 1908-ல் சிறைத் தண்டனை பெற்றார். செயலாளராக இருந்த குசெவ், 1909-ல் அந்த வீட்டிலிருந்தே பிடித்துச் செல்லப்பட்டு வடக்கே தூரதேசத்துக்கு அனுப்பப்பட்டார்.

எழுதியவர் மாளிகையில், படித்தவர் சிறையில்! கிழவருக்கு இது நெருப்பிலே நிற்பதுபோல் இருந்தது. குற்றம் என்னுடையது, என்னைப் பிடியுங்கள் என்று அமைச்சர்களுக்கு எழுதினார். பிடிக்கவில்லை. 1905 புரட்சியை ஒடுக்கிய பிறகு, ருஷ்யாவில் தூக்குமேடைக்கு ஓய்வில்லை. 1908-ல் ஒருநாள் ஏட்டைப் பிரித்தார். உழவர்கள் பலரை ஒரே நேரத்தில் தூக்கிலிட்ட செய்தி. மனம் வெடித்தது. இனி மௌனமாக இருக்கமாட்டேன் என்ற தலைப்பில் கட்டுரை தீட்டினார். இந்தக் கொலைகளை நிறுத்துங்கள். நிறுத்தமாட்டீர்களென்றால், என்னையும் சிறையில் தள்ளுங்கள், அல்லது அந்த உழவர்களோடு என் கழுத்திலும் கயிற்றை மாட்டுங்கள் என்று எண்பதை எட்டிய கிழவர் கேட்டார். வெளிநாடுகளில் அது முழுமையாக வெளிவந்தது. ருஷ்யாவில் அதில் ஒரு பகுதியை வெளியிட்ட ஏடுகளுக்கு அபராதம்!

வீட்டிலே நிலைமை என்ன? அதையும் மறைக்காமல் சொல்லுவோம். சோபியா பதினெட்டு வயதில் அவரை மணந்தவர். பதின்மூன்று குழந்தைகள் பெற்றவர். போரும் அமைதியும் நூலின் கைப்பிரதிகளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தவர். கணவன் சொத்து வேண்டாம் என்கிறார். குழந்தைகளின் சோறும் துணியும் படிப்பும் யார் பொறுப்பு? அந்த அம்மையாரின் தலைமேல் விழுந்தது. உலகத்துக்கு அன்பைப் போதித்தவர், ஒரு வீட்டிலே அமைதி காண முடியவில்லை. நிலத்தைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில், வேலைக்காரர் பரிமாற உண்டு வாழ்ந்தார். பக்கத்து வயலில் உழவன் குடிசை. இந்த முரண்பாட்டைப் பகைவர்கள் சுட்டிக் காட்டினார்கள். அவர்கள் சுட்டுவதற்கு முன்பே, நாட்குறிப்பிலே பக்கம் பக்கமாக அவரே தம்மைச் சுட்டுக்கொண்டார்.

அந்தக் கடைசி ஆண்டுகளில்தான் நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. வட அமெரிக்காவிலிருந்து ஏடு நடத்திய வங்காள இளைஞர் தாரக்நாத் தாஸ், வெள்ளையரை ஆயுதத்தால் விரட்டுவதே வழி என்று கருதி, டால்ஸ்டாயின் ஆதரவைக் கேட்டார். 1908 டிசம்பரில் டால்ஸ்டாய் நீண்ட பதில் எழுதினார். 30,000 பேர், அவர்களும் சாதாரண மனிதர்கள், 20 கோடி மக்களை எப்படி அடிமையாக்க முடிந்தது என்று கேட்டார். நீங்கள் கை கொடுத்தீர்கள், அதனால் முடிந்தது என்பது அவருடைய விடை. இரயில் நிலையத்தில் கண்ட அதே உண்மை! அந்தக் கடிதத்தில் அவர் துணைக்கு அழைத்த நூல்களில் ஒன்று திருக்குறள். இன்னா செய்யாமை என்னும் அதிகாரத்திலிருந்து குறட்பாக்களை எடுத்துத் தந்தார். பனி மூடிய ருஷ்யக் கிராமத்திலே, ஒரு கிழவரின் மேசை மீது வள்ளுவர்!

அந்தக் கடிதத்தின் பிரதி, தென்னாப்பிரிக்க இந்தியருக்காகப் போராடிக்கொண்டிருந்த காந்தியாரின் கைக்குக் கிடைத்தது. 1909-ல் லண்டனிலிருந்து டால்ஸ்டாய்க்கு எழுதி, அச்சிட இசைவு பெற்றார். அடுத்த ஆண்டு, நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில், ஜோகனஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் ஒரு பண்ணை அமைந்தது. சிறை சென்ற போராட்டக்காரர்களின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. பண்ணைக்கு வைத்த பெயர், டால்ஸ்டாய் பண்ணை. அங்கிருந்தவர்களில் தமிழர் பலர்.

அந்தப் பண்ணையில் வாழ்ந்த பெண்கள் 1913-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? பதினொரு பேர், ஒருவர் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குச் சென்றார்கள். ஒப்பந்தக் கூலிகளாக அங்கே உழன்ற தொழிலாளர்களிடம், ஒப்பந்தம் முடிந்தபின்னும் தலைக்கு மூன்று பவுன் வரி கேட்கிறார்களே, இந்தச் சுரங்கத்திலிருந்து உங்கள் கையை எடுங்கள் என்று பேசினார்கள். எடுத்தார்கள்! கடப்பாரை கீழே விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் எல்லையைத் தாண்டி நடந்தனர். சவுக்கடி விழுந்தது, சிறை நிரம்பியது, சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் மாண்ட பெண்தான் தில்லையாடி வள்ளியம்மை. வயது பதினாறு. அதே ஆண்டு மூன்று பவுன் வரி ஒழிந்தது.

இந்த வெற்றியைக் காண டால்ஸ்டாய் இல்லை. 1910 நவம்பரில், ஒரு விடியற்காலை இருளில், எண்பத்திரண்டு வயதுக் கிழவர், மருத்துவர் ஒருவரைத் துணையாகக் கொண்டு, மனைவிக்குச் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறினார். முரண்பாட்டை முடித்துவிட வேண்டும் என்ற துடிப்பு. மூன்றாம் வகுப்பு வண்டியில், பாட்டாளிகளோடு நெருக்கியடித்துப் பயணம். நிமோனியாக் காய்ச்சல் கண்டது. அஸ்டபோவோ என்னும் சிற்றூர் நிலையத்தில் இறக்கி, நிலைய அதிகாரியின் வீட்டில் படுக்க வைத்தார்கள். நவம்பர் 20-ல் உயிர் பிரிந்தது.

உழவர்களும் மாணவர்களும் ஊர்வலமாகக் கூடி வந்து, யாஸ்னயா பொல்யானாவில் அடக்கம் செய்தனர். மதகுரு இல்லை, மந்திரம் இல்லை, சிலுவை இல்லை, கல்லும் இல்லை. புல் வளர்ந்த ஒரு மண்மேடு, அவ்வளவுதான். அந்த இடத்தை அவரே கேட்டிருந்தார். சிறுவயதில் அண்ணன் நிகொலாய் ஒரு கதை சொல்லியிருந்தானாம். உலகத்தில் சண்டையும் துன்பமும் ஒழிந்து எல்லோரும் இன்பமாக வாழும் இரகசியம் ஒரு பச்சைக்குச்சியில் எழுதப்பட்டு, அந்த இடத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது என்று. கிழவர் அதை மறக்கவில்லை.

குச்சியை அவர் கண்டெடுக்கவில்லை. ஆனால் தேடுவதை விடவில்லை. தேடிய வழியில் அவர் கண்டு சொன்னது ஒன்று நமக்குப் போதும். அதை ஆலைத் தோழரிடம் இப்படிச் சொன்னோம்: உங்களுடைய கையில் யாராவது கம்பைக் கொடுத்து, எதிரே நிற்பவன் மண்டையைப் பிள என்றால், முதலில் எதிரே நிற்பவன் முகத்தைப் பாருங்கள். அவனும் உங்களைப்போல் கூலிக்காரன்தானா என்று பாருங்கள். பிறகு, கம்பைக் கொடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பாருங்கள். அநேகமாக அவர் அங்கே இருக்கமாட்டார்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, மேடையில் பேசும் உங்களுக்கும் இது பொருந்துமல்லவா என்று கேட்டார்.

பொருந்தும் என்றோம். நம் சொல்லை நம்பி வெயிலில் நிற்பவன் யார், அடி வாங்குபவன் யார், வேலை இழப்பவன் யார் என்று எண்ணிப் பாராமல் பேசும் உரிமை நமக்கும் இல்லை. டால்ஸ்டாய் அந்தக் கணக்கைப் பார்த்தார், தூக்கம் இழந்தார். மேடையிலிருந்து இறங்கும் ஒவ்வோர் இரவும் நாமும் அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. அதையே குடித்துவிட்டு, இருவரும் எழுந்து நடந்தோம்.